தடுப்பூசிக்கான பாக்டீரியப் பாலிசாக்கரைடு: நிறுப்பது, கரைப்பது, அளப்பது

நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே பி வகை), டைஃபாய்டு ஆகிய கிருமிகள் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன உறையொன்றைப் போர்த்திக்கொண்டு திரிபவை. தடுப்பூசிக்காகப் பிரித்தெடுப்பது அந்த உறையைத்தான்; பாலிசாக்கரைடு என்பது அந்தச் சர்க்கரைச் சங்கிலியே. மலேசியக் குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் ஹிப் 2002-லும் நிமோகாக்கஸ் 2020-லும் சேர்ந்தன. ஹஜ், உம்ரா போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் ஏ, சி, டபிள்யூ, ஒய் மெனிங்கோகாக்கஸ் ஊசியும் இந்த உறையை வைத்துச் செய்ததே.

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ உள்ள ஒரு லேபில், 10 மில்லிகிராம் பொடி அடங்கிய குப்பியைக் கையில் கொடுத்து, "மூலக்கூறு எடை, பாகுத்தன்மை, அசிட்டைல் (சங்கிலியில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு வேதிக்குழு) அளவு எல்லாம் பார்த்துச் சொல்" என்று விட்டால் என்ன செய்வது என்பதே இங்கே பேச்சு. கருவியைக் குறை சொல்லும் முன் மூன்றைப் பாருங்கள்: பொடியில் ஏறிய ஈரம், கரைசலில் இல்லாத உப்பு, தெரியாமல் கொடுத்த சூடு. தவறான எண்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

குப்பியைத் திறக்குமுன்: எந்தச் சங்கிலி, எங்கே அறும்?

எல்லாப் பாலிசாக்கரைடையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. மெனிங்கோகாக்கஸ் ஏ வகையின் சங்கிலியில் ஒவ்வொரு சர்க்கரையும் அடுத்ததோடு பாஸ்பேட் வழியாகக் கோத்திருக்கிறது, அதுவும் சர்க்கரையின் மிக இளகிய முனையில். வெறும் தண்ணீரிலேயே அது மெல்ல மெல்ல அறும். 37 டிகிரியில் இன்னும் வேகமாக. ஏ வகை ஊசிமருந்துகள் பல உறையவைத்து உலர்த்திய பொடியாக வருவதற்கு இதுதான் காரணம். ஹிப் சங்கிலி ரைபோஸ், ரைபிட்டால், பாஸ்பேட் என்று மாறி மாறிக் கோத்தது. அதற்குக் காரம் ஆகாது: ரைபோஸில் பாஸ்பேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஹைட்ராக்சில் திறந்து கிடப்பதால், பிஎச் ஏறினால் அது பாஸ்பேட்டின் மேல் பாய்ந்து இணைப்பை அறுத்துவிடும்.

நிமோகாக்கஸில் 19எஃப், 19ஏ, 6ஏ ஆகிய வகைகளை ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். 6ஏ-யும் 6பி-யும் ஒரே ஒரு இணைப்பின் இடத்தில்தான் வேறுபடுகின்றன, ஆனாலும் 6பி கெட்டி. பாஸ்பேட்டும் அசிட்டைலும் இல்லாத 3-ஆம் வகை அதைவிடக் கெட்டி. அதன் தொல்லை உடைவதில் இல்லை, கொழகொழப்பில் இருக்கிறது. மெனிங்கோகாக்கஸ் சி சங்கிலி முழுக்க முழுக்கச் சயாலிக் அமிலம் என்ற அமிலச் சர்க்கரை என்பதால் அமிலத்தில் அறும். பிஎச் 5-க்குக் கீழே கொண்டுபோய்ச் சூடு காட்டாதீர்கள். டைஃபாய்டின் வி-ஆன்டிஜன் சங்கிலி அமிலத்துக்கும் அவ்வளவாக மசியாது. ஆனால் அதன் அசிட்டைல் குழுக்கள் காரத்தில் உதிர்ந்துவிடும்.

நிறுப்பது

நம் ஊர்க் காற்றில் பாலிசாக்கரைடு பொடியை நிறுப்பது தண்ணீரையும் சேர்த்து நிறுப்பதற்குச் சமம். உறையவைத்து உலர்த்திய பொடி பஞ்சுபோல் இருக்கும், காற்றுபடும் பரப்பு மிக அதிகம். நன்றாக உலர்ந்தது என்று வருகிற பொடியிலேயே 10 விழுக்காடு தண்ணீர் இருப்பது சகஜம். வார இறுதியில் ஏர்கோனை அணைத்துவிட்டு, திங்கட்கிழமை காலை அந்த அறையில் மூடியைத் திறந்து வைத்தால் தராசின் எண் கண்முன்னே ஏறிக்கொண்டே போகும். எண் நிலைக்கவில்லை என்றால் தராசு பழுது என்று முடிவு கட்டாதீர்கள், பொடி குடித்துக்கொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியது:

1. ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை மூடி திறக்காமல், சிலிகா ஜெல் போட்ட உலர்கலத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் உள்சுவரில் பனி படியும், அந்தப் பொடி அத்தோடு சரி.

2. காகிதத்தில் கொட்டி நிறுக்காதீர்கள். வெற்றுக் கண்ணாடிக் குப்பியை மூடியோடு நிறுத்து, பொடியைப் போட்டு உடனே மூடி, மறுபடி நிறுத்து வித்தியாசத்தை எடுங்கள்.

3. அதே வேளையில், அதே பொடியில் 3 முதல் 5 மில்லிகிராம் எடுத்து வெப்ப எடைக்கருவியில் 105 டிகிரி வரை ஏற்றி ஈரத்தை அளவிடுங்கள். பொடி தாராளமாக இருந்தால், தண்ணீரை வேதிமுறையில் அளக்கும் கார்ல் ஃபிஷர் முறையும் ஆகும். சப்ளையர் தாளில் அச்சிட்ட ஈர அளவு அவர்கள் அடைத்த நாளுக்குரியது, நீங்கள் திறந்த நாளுக்குரியது அல்ல.

கணக்கு எளிது. 10.0 மில்லிகிராம் நிறுத்தீர்கள், ஈரம் 12 விழுக்காடு என்றால் உள்ளே இருப்பது 8.8 மில்லிகிராம். 5 மில்லி லிட்டரில் கரைத்தால் செறிவு மில்லி லிட்டருக்கு 1.76 மில்லிகிராம். "2.0" என்று குறித்துக்கொண்டால் பாகுத்தன்மை எண் 12 விழுக்காடு குறைந்து வரும், புரதத்தோடு இணைக்கும்போது சர்க்கரை-புரத விகிதமும் தப்பும்.

பொடி மிகக் குறைவாக இருந்தால் ஈர அளவீட்டுக்கே பாதி போய்விடும். அப்போது நிறுக்கவே வேண்டாம், குப்பியிலேயே முழுவதையும் கரைத்துவிட்டுக் கரைசலில் எவ்வளவு இருக்கிறது என்று வேதிமுறையில் அளந்துகொள்ளுங்கள். எங்களைக் கேட்டால் எப்போதுமே இதுதான் நல்ல வழி. எந்த முறை என்பது சங்கிலியைப் பொறுத்தது. மெனிங்கோகாக்கஸ் ஏ-க்குப் பாஸ்பரஸ். சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கு ரிசார்சினால் போட்டுச் சயாலிக் அமிலம். ஹிப்புக்கு ஆர்சினால் போட்டு ரைபோஸ். ரைபிட்டால் இதில் நிறம் தராது என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். 14-ஆம் வகை போன்ற நிமோகாக்கஸ் சர்க்கரைகளுக்கு ஃபீனால்-கந்தக அமில முறை போதும்: மாதிரி 1 மில்லி லிட்டர், 5 விழுக்காடு ஃபீனால் 1 மில்லி லிட்டர், அடர் கந்தக அமிலம் 5 மில்லி லிட்டர், 490 நானோமீட்டரில் வாசிப்பு. அமிலத்தைச் சுவரோரமாக வழியவிடாமல் நேராகத் திரவத்தின் மேல் வேகமாக ஊற்ற வேண்டும். அந்தச் சூட்டில்தான் வினை நடக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, புகைக்கூண்டு மூன்றும் கட்டாயம். வி-ஆன்டிஜனுக்கு இந்த முறை உதவாது, நிறமே சரியாக வராது. அதற்கு அசிட்டைல் அளவிலிருந்து கணக்கிடுங்கள்.

வெற்று மாதிரியிலேயே நிறம் ஏறினால் குழாயைத் துடைத்த டிஷ்யூவைச் சந்தேகப்படுங்கள். அதன் நார் செல்லுலோஸ், அதுவும் சர்க்கரைதான். டயாலிசிஸ் பையில் தடவியிருக்கும் கிளிசரின், செஃபடெக்ஸ் ஜெல் நிரப்பிய தூணிலிருந்து கசியும் டெக்ஸ்ட்ரான் இரண்டும் இதே வேலையைச் செய்யும்.

கரைப்பது

கொதிநீரில் ரவையை ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டுவதைப் போலத்தான் இதுவும். வெளிப்புறம் ஊறி வழவழப்பாகி மூடிக்கொள்ளும், உள்ளே பொடி காய்ந்தே கிடக்கும். தண்ணீரைப் பொடியின் மேல் ஊற்றாதீர்கள். மெதுவாகச் சுழலும் தண்ணீரில் பொடியைத் தூவுங்கள். குப்பியிலேயே கரைக்க வேண்டியிருந்தால் தண்ணீரைச் சுவரோரமாக விட்டு, அசைக்காமல் அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.

உப்பில்லாத தண்ணீரில் முதலில் கரையுங்கள், உப்பைப் பிறகு சேருங்கள். எதிர்மின் சங்கிலிகள் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரிவதால் சீக்கிரம் ஊறும், உப்புநீரில் சோம்பும். 9 பங்கு தண்ணீரில் கரைத்து, 10 மடங்கு செறிவான பஃபரை 1 பங்கு கடைசியில் சேர்ப்பது வசதி. முடிவில் 10 மில்லிமோலார் பஃபர், பிஎச் 7, 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு இருந்தால் போதும். பாஸ்பரஸ் அளக்கப்போகிற மாதிரியில் பாஸ்பேட் பஃபர் போட்டுவிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், அங்கே வெறும் உப்புநீர்தான்.

மில்லி லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் சரியான செறிவு. 3-ஆம் வகைக்கு 0.5-ஐத் தாண்ட வேண்டாம். 4 டிகிரியில் இரவு முழுவதும் மெல்லச் சுழற்றுங்கள், நிமிடத்துக்கு 10 முதல் 20 சுற்று. வோர்டெக்ஸ் குலுக்கியில் வைத்து அடிக்காதீர்கள். நீளமான சங்கிலிகள் அந்த இழுப்பில் நடுவில் அறும், அளக்க வந்த நீளமே போய்விடும்.

காலையில் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடித்துண்டு போன்ற ஒளிபுகும் கட்டிகள் நகர்ந்தால் இன்னும் கரையவில்லை. முழுக்கத் தெளிந்த பிறகுதான் 0.45 மைக்ரான் வடிகட்டி. சிரிஞ்சை அழுத்த அழுத்தக் கை வலித்தால் நிறுத்துங்கள்: ஒன்று கட்டி இருக்கிறது, இல்லையென்றால் செறிவு அதிகம். பலம் போட்டுத் தள்ளினால் பெரிய சங்கிலிகள் வடிகட்டியில் தங்கி, சின்னவை மட்டும் கீழே வரும். வடிகட்டலுக்கு முன்னும் பின்னும் செறிவைச் சோதியுங்கள். 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் அந்த மாதிரியின் மூலக்கூறு எடைக்கு அர்த்தமில்லை.

நீங்களே பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுப்பவராக இருந்தால் ஒரு துணைக்குறிப்பு. அமிலச் சங்கிலிகளை வீழ்படிவாக்கும் செட்டாவ்லான் என்ற சோப்பு போன்ற பொருள் 25 டிகிரிக்குக் கீழே தானே படிகமாகிவிடும். நம் லேப்களில் ஏர்கோனை 18-இல் வைப்பது பழக்கம். அந்தக் குளிரில் அடியில் வெள்ளையாகத் தங்குவது பாலிசாக்கரைடு என்று மகிழ்ந்துவிட வேண்டாம்.

பாகுத்தன்மை

உப்பில்லாத கரைசலை உபெலோடு விஸ்கோமீட்டரில் (திரவம் ஓடும் நேரத்தை வைத்துப் பாகுத்தன்மை காட்டும் கண்ணாடி நுண்குழாய்) விட்டு, செறிவைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு விநோதம் நடக்கும். கிராமுக்கான பாகுத்தன்மை குறைவதற்குப் பதில் ஏறும். நீர்க்க நீர்க்கச் சங்கிலியைச் சுற்றியிருக்கும் சோடியம் அயனிகள் விலகிப்போக, எதிர்மின் குழுக்கள் ஒன்றையொன்று தள்ள, சங்கிலி நீண்டு விறைத்துக்கொள்கிறது. அந்தப் புள்ளிகளில் நேர்கோடு போட முடியாது. போட்டால் வரும் எண் எதற்கும் உதவாது. 0.1 முதல் 0.2 மோலார் சோடியம் குளோரைடு இருந்தால் புள்ளிகள் ஒழுங்காக வரிசையில் நிற்கும். நீர்ப்பதற்கும் அதே உப்புநீரையே விட வேண்டும். கவனக்குறைவாகத் தண்ணீரை விட்டால் ஒவ்வொரு புள்ளியிலும் உப்பு வேறாகிவிடும்.

அடுத்தது வெப்பநிலை. புத்தகங்கள் 25 டிகிரி என்கின்றன. நம் லேப்களில் இருக்கும் தண்ணீர்த்தொட்டிகள் பல சூடாக்க மட்டுமே தெரிந்தவை. அறை 29 டிகிரியில் இருக்கும்போது 25 என்று குறி வைத்தால் தொட்டி பேசாமல் 29-லேயே நிற்கும், திரையில் மட்டும் 25 மின்னும். தண்ணீரின் பாகுத்தன்மை 25 டிகிரியில் 0.89 மில்லிபாஸ்கல் விநாடி, 30-இல் 0.80. அதாவது டிகிரிக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு. குளிரூட்டும் சுருள் இருந்தால் 25-இல் செய்யுங்கள். இல்லையென்றால் 37-இல் செய்து, 37 என்றே அறிக்கையில் எழுதுங்கள்; அதில் வெட்கம் ஒன்றுமில்லை. மெனிங்கோகாக்கஸ் ஏ மாதிரியை மட்டும் 37-இல் வைத்து இழுத்தடிக்க வேண்டாம்.

குழாயைத் தேர்ந்தெடுக்கும்போது வெற்று உப்புநீர் ஓட 200 விநாடிக்கு மேல் ஆகும்படி பாருங்கள். கரைசலின் நேரம் அதைப்போல் 1.2 முதல் 2 மடங்குக்குள் இருக்குமாறு நான்கைந்து செறிவுகள். ஒவ்வொன்றிலும் மூன்று வாசிப்புகள், 0.2 விநாடிக்குள் ஒத்துப்போக வேண்டும். நேரம் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் குழாயில் தூசி. குறைந்துகொண்டே போனால் தொட்டி இன்னும் சூடாகிக்கொண்டிருக்கிறது, அல்லது சங்கிலி அறுந்துகொண்டிருக்கிறது. 3-ஆம் வகை வேகமாக ஓடும்போது இளகிவிடும் குணமுள்ளது, ஆகவே நுண்குழாயில் அதன் எண் குறைத்தே வரும். அதற்குக் குறைந்த வேகத்தில் சுழலும் ரியோமீட்டர்தான் சரி.

நீளம்

சங்கிலி நீளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாறே சாட்சி. 1940-களில் மெனிங்கோகாக்கஸ் பாலிசாக்கரைடை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்ப்புச்சக்தி சரியாக வரவில்லை. சுத்திகரிக்கும்போதே சங்கிலிகள் சிறிதாகிப்போயிருந்தன. 1969-இல் எமில் காட்ஷ்லிக் குழுவினர் செட்டாவ்லான் முறையில் நீளம் கெடாமல் எடுத்துக் காட்டிய பிறகே அந்தத் தடுப்பூசி பிறந்தது. புரதத்தோடு இணைக்காத ஊசிக்கு இன்றும் நீளம் ஒரு தரக்கட்டுப்பாட்டு எண்.

பழைய முறை செஃபரோஸ் சிஎல்-4பி தூண்: துளையுள்ள ஜெல் நிரப்பியது, பெரிய சங்கிலிகள் முதலில் வெளிவரும். வெளிவரும் கன அளவிலிருந்து தூணின் வெற்றிடக் கன அளவை (துளைகளுக்குள் நுழையாத மிகப் பெரிய மூலக்கூறு வெளிவரும் அளவு) கழித்து, அதை மொத்தத்துக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் கிடைப்பது பகிர்வெண். வெற்றிடம் 35 மில்லி லிட்டர், மொத்தம் 95, உங்கள் முகடு 59 என்றால் 24-ஐ 60-ஆல் வகுக்க 0.40. வெற்றிடத்தைக் குறிக்க நீல டெக்ஸ்ட்ரானை ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது, ஆனால் இந்தத் தூணுக்கு அது சரியில்லை. டெக்ஸ்ட்ரான்களில் 50 லட்சம் டால்டன் வரை இது உள்ளே வாங்கும், நீல டெக்ஸ்ட்ரானோ சுமார் 20 லட்சம்தான். லாம்டா டிஎன்ஏ போல இன்னும் பெரியது வேண்டும்.

இப்போது பெரும்பாலும் எச்பிஎல்சி-யில் (உயர் அழுத்தத்தில் ஓடும் தூண்) பல கோண ஒளிச்சிதறல் கருவியோடு செய்கிறார்கள். அது இருந்தால் பயன்படுத்துங்கள். புல்லுலான், டெக்ஸ்ட்ரான் தரங்களோடு மட்டும் ஒப்பிட்டு மூலக்கூறு எடை சொல்வது உறைப் பாலிசாக்கரைடுக்கு ஏமாற்று எண்: விறைப்பான மின்சங்கிலி அதே எடையுள்ள டெக்ஸ்ட்ரானைவிட அதிக இடம் அடைத்து முன்னதாக வெளிவரும், எடை கூடுதலாகத் தெரியும். ஓடுதிரவத்தில் உப்பில்லாவிட்டால் இந்தப் பிழை இன்னும் பெருகும், ஏனெனில் தூணின் எதிர்மின் பரப்பே சங்கிலியைத் துளைகளுக்குள் விடாமல் தள்ளும். 0.1 மோலார் சோடியம் நைட்ரேட் நன்றாக வேலை செய்கிறது, எஃகுக் குழாய்களுக்கும் குளோரைடைவிட நல்லது. 5000, 6000 வகை பிடபிள்யூ-எக்ஸ்எல் தூண்கள் இரண்டை வரிசையாக மாட்டி, நிமிடத்துக்கு 0.5 மில்லி லிட்டர், மில்லி லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மாதிரியில் 100 மைக்ரோலிட்டர் செலுத்துங்கள். கணக்கில் இட வேண்டிய ஒளிவிலகல் உயர்வெண் (dn/dc) கிராமுக்கு 0.14 முதல் 0.15 மில்லி லிட்டர்.

வெளியே வந்த மொத்த அளவைச் செலுத்திய அளவோடு ஒப்பிடுங்கள். 88 விழுக்காடுதான் வந்தது என்றால் தூண் விழுங்கியது என்று பதறுமுன் உங்கள் ஈரத்திருத்தத்தைத் தேடுங்கள். வெற்றிடத்தில் ஒளிச்சிதறல் முகடு ஓங்கி நிற்க, ஒளிவிலகல் கோடு படுத்துக் கிடந்தால் அது மிகப் பெரிய சங்கிலி அல்ல. திரட்சி, தூசி, அல்லது கிராம் எதிர் பாக்டீரியாவிலிருந்து ஒட்டிவந்த எண்டோடாக்சின் என்ற சுவர் நச்சு. அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எடை தாறுமாறாக ஏறும். முகடு முன்னால் சரிந்து வாலாட்டினால் செறிவு அதிகம், பாதியாக்கி மறுபடி செலுத்துங்கள்.

அசிட்டைல்

மெனிங்கோகாக்கஸ் ஏ-யிலும் வி-யிலும் அசிட்டைல் உதிர்ந்தால் தடுப்பூசிக்கே வலு போய்விடும். சி-யில் அப்படியில்லை, அசிட்டைல் இல்லாத சங்கிலியால் செய்த ஊசியும் நன்றாக வேலை செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு கிராமுக்கு ஏ-க்கு 2, சி-க்கு 1.5, டபிள்யூ, ஒய் இரண்டுக்கும் 0.3 மில்லிமோலுக்குக் குறையக் கூடாது. இது உலர் எடைக்கு. ஈரத்தைக் கழிக்காதவர் நல்ல பொடியைத் தேறாதது என்று ஒதுக்கிவிட இந்த ஒரு வரி போதும்.

அளக்க ஹெஸ்ட்ரின் என்ற நிற முறை. 2 மோலார் ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடையும் 3.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடையும் அப்போதைக்கப்போது சம அளவு கலந்து, 1 மில்லி லிட்டர் மாதிரியில் 2 மில்லி லிட்டர் விடுங்கள். 4 நிமிடம் கழித்து, மூன்றில் ஒரு பங்காக நீர்த்த அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மில்லி லிட்டர், பிறகு 0.1 மோலார் அமிலத்தில் கரைத்த 0.37 மோலார் ஃபெர்ரிக் குளோரைடு 1 மில்லி லிட்டர். 540 நானோமீட்டரில் வாசியுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு இணை வேண்டும்: அதில் அமிலத்தை ஹைட்ராக்சிலமீனுக்கு முன்பே விட்டுவிடுவது. குவெட்டில் குமிழி ஒட்டினால் எண் குதிக்கும், தட்டி விடுங்கள். ஒப்பிடுவதற்கான தரப்பொருளாக வைக்கும் அசிட்டைல்கோலின் குளோரைடு, பாலிசாக்கரைடைவிடப் பேராசையோடு ஈரம் குடிக்கும். புதுக் குப்பியைத் திறந்த அன்றே முழுவதையும் கரைத்துப் பங்கிட்டு உறையவைப்பது ஒன்றே வழி.

என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. அசிட்டைல் 2.1 பிபிஎம் அருகே தெரியும், 1.9-இல் கூர்மையான கோடு தனியே எழுந்தால் அது ஏற்கெனவே உதிர்ந்துபோன அசிட்டேட். நிமோகாக்கஸ் மாதிரியில் 3.2 அருகே கூர்மையான கோடு வந்தால் சுவர்ச் சர்க்கரையான சி-பாலிசாக்கரைடு கலந்திருக்கிறது.

வைத்திருப்பது

பொடியைச் சிறு குப்பிகளில் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் சிலிகா ஜெல்லோடு உறையில் மூடி −20 டிகிரியில். தானாகவே பனி உருக்கும் வீட்டு ஃப்ரீசர் வேண்டாம். அது ஒவ்வொரு நாளும் சூடாகிக் குளிரும். கரைசலை ஒருமுறைக்கு ஆகும் அளவில் பிரித்து உறையவையுங்கள். உருகியதை மறுபடி உறையவைக்காமல் கொட்டிவிடுவது மலிவு. மெனிங்கோகாக்கஸ் ஏ கரைசலைக் குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் வைக்கவே கூடாது. இடிமழையில் மின்சாரம் ட்ரிப் ஆகும் கட்டடமாக இருந்தால் ஃப்ரீசருக்குள் வெப்பப் பதிவுக் கருவி ஒன்று போடுங்கள். மறுநாள் காலை திரையில் −20 என்று தெரிவது, இரவில் +12 வரை போய்வந்ததைச் சொல்லாது.

கிருமி வளராமல் இருக்க 0.02 விழுக்காடு சோடியம் அசைடு போடலாம், அளவீட்டு மாதிரிகளில் மட்டும். செல்களில் போடப்போகிற மாதிரியிலும் புரதத்தோடு இணைக்கப்போகிற மாதிரியிலும் கூடாது. அசைடு கழிவைச் சிங்க்கில் ஊற்றினால் செம்புக் குழாயில் வெடிக்கும் உப்பாகப் படியும், கழிவுப் புட்டியில் சேருங்கள். குப்பியின் மேல் வகை, லாட் எண், திறந்த தேதி, அன்று அளந்த ஈரம், எத்தனை முறை திறந்தது என்பதைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். மார்க்கர் மை எத்தனால் பட்டதும் அழிந்துவிடும்.